உப்பு அலமாரிச் சாவி

உக்காருங்க தங்கச்சி, இடம் இருக்கு. இந்தப் பைய மடியில வச்சுக்கறேன். உள்ள இருக்கறவரா? என் வீட்டுக்காரர். ஹார்ட் ஃபெயிலியர்ங்கறாங்க. இதயம் நின்னு போகல, ரத்தத்த பம்ப் பண்ணத் திணறுது. உங்களுக்கு? அண்ணனா? நல்லாயிடுவார், கவலப்படாதீங்க.

நான் தையல்காரி. மெஷின் நின்னாலும் உன் வாய் நிக்காதுன்னு இவர் கிண்டல் பண்ணுவார். போன தடவ டாக்டர் படம் போட்டுக் காட்டினார். இதயம் திணறத் திணற, சைட்டோகைன்னு ஏதோ ஒண்ணு ரத்தத்துல ஊறிக்கிட்டே இருக்காம். அது உள்ளுக்குள்ள அழற்சியக் கெளப்பிவிடுதாம். கொஞ்ச நாளைக்குன்னா நல்லது, ஓயாம ஊறினா கெடுதலாம். இதயத்தோட செவரே தளந்து, பெருத்து, உருவம் மாறிப்போகுதாம். இழுத்து இழுத்து எலாஸ்டிக் தொஞ்சு போகும்ல, அப்படி.

ஐயோ, டாக்டர் பொறுமையாத்தான் சொன்னார். நான்தான் பாதியக் கேட்டுட்டு மீதிய நானே தச்சுக்கிட்டேன்.

என்னத்தையா? மெஷின் மிதிச்சு மிதிச்சு என் முட்டி வீங்கிக் கெடந்துச்சு. ஒரு மாத்திரை போட்டேன், சீக்கிரமே வத்திடுச்சு. அழற்சிய அடக்குற மாத்திரைன்னாங்க. முட்டில இருந்தா என்ன, நெஞ்சுல இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதானேன்னு தோணுச்சு. சொல்லிக் குடுத்தா, ஏற்கெனவே கைநெறைய முழுங்கறேன்னு கத்துவார். அதனால பொடிச்சு, தெனமும் காபில கலந்து குடுத்தேன். கசக்குதேன்னார். தூள மாத்திட்டேன்னேன். என்னை ஒரு பார்வ பாத்துட்டு முழுசாக் குடிச்சார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காச்சு. கால் ரெண்டும் வீங்கி, படுத்தா மூச்சு முட்டி, இன்னிக்குக் காலையில இங்க தூக்கிட்டு வந்தோம். வேற மாத்திரை ஏதாவது குடுத்தீங்களான்னு டாக்டர் கேட்டார். திட்டுவாரோன்னு பயந்து, இல்லன்னுட்டேன். அப்போ உப்புதான்னு இவரப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினார். இவர் என் மூஞ்சியப் பாத்தார். ஆமா டாக்டர், இவளுக்குத் தெரியாம உப்ப அள்ளி அள்ளிப் போட்டுக்கிட்டேன்னார்.

நானும் தலையாட்டினேன் தங்கச்சி. பாவி.

கீழ மருந்துக்கடையில இப்பதான் என் முட்டிக்கு அதே மாத்திரை கேட்டேன். எதுக்கும் இருக்கட்டும்னு அவருக்கும் குடுக்கலாமான்னேன். கடைக்காரர் பதறிட்டார். இதயம் பலவீனமானவங்களுக்கு ஆகவே ஆகாதும்மா, உடம்புல தண்ணியத் தேக்கிடும்னார். மூச்சுக்கு அவர் தவிச்ச தவிப்பு என் கையால வந்தது.

ஆங், நர்ஸ் கூப்பிடுறாங்க. டாக்டர் வந்துட்டாராம். பையக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க, இந்த மாத்திரை அட்டைய மட்டும் எடுத்துக்கறேன். காட்டிடறேன். திட்டட்டும், அடிக்கக்கூட அடிக்கட்டும்.

என்ன, அவரே உப்புன்னு ஒத்துக்கிட்டாரேங்கறீங்களா? எங்க வீட்டுல உப்பு அலமாரிக்குள்ள தங்கச்சி. டாக்டர் வேணாம்னு சொன்ன அன்னிக்கே பூட்டிட்டேன். சாவி இதோ, என் இடுப்புல.