பதின்மூன்றாவது கம்பளி

பெயர்: சுடலைமணி. தகப்பனார் பெயர்: இசக்கி. வயது: 43. தொழில்: பந்தலும் கூடாரமும் வாடகைக்கு விடுதல். இருப்பு: வீரவநல்லூர், அம்பாசமுத்திரம் வட்டம், திருநெல்வேலி கட்டபொம்மன் மாவட்டம்.

30.12.1995 சனிக்கிழமை காலை 11 மணிக்கு நிலையத்தில் ஆஜராகி, சார்பு ஆய்வாளர் கேட்டதன் பேரில் நான் சொல்வது:

நான் மேற்படி ஊரில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளுடன் வசித்து வருகிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். சொந்தமாகத் தொழில் தொடங்குவதற்கு முன் மலையில் நில அளவை எடுக்க வந்தவர்களிடம் ஆறு வருடம் கூடாரம் அடிக்கும் வேலை பார்த்தேன். தற்சமயம் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறேன். மாலை போட்டு இருபத்தாறு நாள் ஆகிறது. நான் குடித்திருந்தேன் என்று புகாரில் எழுதியிருப்பது எவ்வளவு பெரிய பொய் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

பாளையங்கோட்டையில் யோகா வகுப்பு நடத்தும் தில்லைநாயகம் என்பவரை எனக்கு இந்த மாதம்தான் பழக்கம். அவரிடம் படிப்பவர்கள் அவரைக் குருஜி என்பார்கள். அவர் 'குளிரை வெல்லும் முகாம்' என்று நோட்டீஸ் அடித்து, மாஞ்சோலைக்கு மேலே ஓடை ஓரப் புல்வெளியில் மூன்று நாள் முகாம் போட என்னிடம் ஏழு கித்தான் கூடாரம் கேட்டார். 26ஆம் தேதி செவ்வாய்க்கிழமை நானும் சமையலுக்கு வந்த மந்திரமூர்த்தியும் கூடாரங்களையும், கீழே பரப்புவதற்கு ஒரு பாரம் வைக்கோலையும் ஏற்றிக்கொண்டு போய், பாறைக்கு மறைவான மேட்டில் இடம் பார்த்து வைத்தோம். அதன்பின் தில்லைநாயகம் தன் உதவியாளர் வன்னியராஜுடன் வந்து, கூடாரங்களை ஓடைப் பள்ளத்தில் அடிக்கச் சொன்னார். "சார், ராத்திரி மலையில உள்ள குளிரு பூராவும் பள்ளத்துலதான் வந்து எறங்கும். மேட்டுலயே அடிச்சிருவோம்" என்றேன். "கூடாரம் அடிக்கத்தானவே உம்மக் கூட்டியாந்தது" என்றார்.

அதன்பின் அவர் சொன்னபடி ஆறு கூடாரங்களைப் பள்ளத்தில் அடித்தேன். ஏழாவது கூடாரம் அவருக்கானது. தியானத்துக்குத் தனிமை வேண்டும் என்று அதை மட்டும் நான் பார்த்து வைத்த மேட்டில் அடிக்கச் சொன்னார். வைக்கோலைப் பள்ளத்துக் கூடாரங்களில் பரப்பப் போனபோது, மனிதர்கள் படுக்கிற இடத்தில் மாட்டுத்தீவனம் எதற்கு என்று தடுத்து, பாறை ஓரமாகப் போடச் சொன்னார். குளிர் மேலேயிருந்து வருவதைவிடத் தரையிலிருந்து ஏறுவதுதான் அதிகம் என்றும், மேலே மூன்று போர்த்திக்கொண்டாலும் அடியில் ஒன்றும் இல்லாவிட்டால் விடிய விடிய முதுகு விறைக்கும் என்றும் சொன்னேன். அவர் வன்னியராஜைப் பார்த்துச் சிரித்தார்.

27ஆம் தேதி மதியம் முகாமுக்கு ஆண்களும் பெண்களுமாகப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். எல்லாரும் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். தில்லைநாயகம் அவர்களுடைய ஸ்வெட்டர், குரங்குக் குல்லா எல்லாவற்றையும் வேனிலேயே வைக்கச் சொல்லி வேனைக் கீழே அனுப்பிவிட்டார். அதன்பின் ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்திருந்த பன்னிரண்டு கம்பளிகளையும் வாங்கி, ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "குளிர் உடம்புல இல்லை, மனசுல இருக்கு. நான் பதினோரு வருஷமா போர்வையைக் கையால தொட்டதில்லை" என்று சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். ஆளுக்கு ஒரு கோரைப்பாயும் ஒரு பருத்தி வேட்டியும் கொடுக்கப்பட்டன.

அன்று மாலை நான் ஒவ்வொரு கூடாரமாகப் போய், மூச்சுக்காற்று வெளியேறுவதற்கு வாசல் துணியை மேலே ஒரு சாண் திறந்து வைக்கும்படியும், நனைந்த கித்தானை உள்ளிருந்து தொடக் கூடாது, தொட்ட இடத்தில் ஒழுகும் என்றும் சொல்லி வந்தேன். என் பின்னாலேயே வன்னியராஜ் வந்து எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டிவிட்டான். 28ஆம் தேதி காலையில் பார்க்கையில் உள்ளே இருந்தவர்களின் மூச்சே தண்ணீராகிக் கித்தானில் கோத்து, பாய் முழுக்கச் சொட்டியிருந்தது. ஒருவரும் தூங்கியிருக்கவில்லை. அப்படியே நாலரை மணிக்குத் தில்லைநாயகம் அவர்களை ஓடையில் முங்க வைத்து, ஈரத் துணியோடு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார். நானும் விடியற்காலையில் குளிக்கிறவன்தான். குளித்ததும் துவட்டிக்கொண்டு காய்ந்த துணி உடுத்துகிறேன். எந்தச் சாமியும் ஈரத்தோடு உட்கார்ந்து சாகச் சொன்னதில்லை.

முகாமுக்கு வந்தவர்களில் ஜயலக்ஷ்மி டீச்சர் என்பவர் கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்தவர். ஓய்வு பெற்ற ஆசிரியை. வயது சுமார் 60. இழுப்பு நோய்க்கு மருந்தில்லாமல் குணம் கிடைக்கும் என்று தில்லைநாயகம் சொன்னதை நம்பி வந்தவர். 28ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு அவர் அடுப்புப் பக்கம் வந்து நின்றார். பல் அடித்துக்கொண்டிருந்தது. நான் என் ஜமுக்காளத்தைக் கொடுத்தேன். "வேண்டாம் சாமி. இன்னும் ஒரு ராத்திரிதானே. குருஜி பதினோரு வருஷமா இருக்கார், என்னால ரெண்டு நாள் இருக்க முடியாதா?" என்றார். சூடாகக் கருப்பட்டிக் காப்பியாவது குடியுங்கள் என்று ஊற்றிக் கொடுத்தேன். வன்னியராஜ் வருவதைப் பார்த்ததும் பாதியிலேயே டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதன்பின் ஏழு மணிக்கு மழை பிடித்தது. சமையல் கொட்டகை ஒழுகி, என் ஜமுக்காளமும் மந்திரமூர்த்தியின் போர்வையும் நனைந்துபோயின. தகரப் பெட்டி நனையாமல் தார்ப்பாய்க்கு அடியில் நகர்த்தி வைக்கச் சொல்லி வன்னியராஜ் என்னை ஏவினான். நான் அதை ஒரு கையால் தூக்கிவிட்டேன். பன்னிரண்டு கம்பளி இருக்கிற பெட்டியை ஒரு கையால் தூக்க முடியாது. என்ன என்று கேட்டதற்கு, "ஒம்ம சோலியப் பாரும்" என்றான். அப்போதே பூட்டை உடைத்திருக்க வேண்டும். உடைக்காமல் விட்டேன். என் மேல் குற்றம் உண்டு என்றால் அது ஒன்றுதான்.

29ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல் ஓடையில் முங்க வைத்து, மழைத் தூறலில் ஆறு மணி வரை உட்கார வைத்து, அதன்பின் ஒன்பது மணி வரை மௌனம், யாரும் பேசக் கூடாது, தன்னை எழுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தில்லைநாயகம் மேட்டுக் கூடாரத்துக்குப் போய்விட்டார். ஆறே முக்கால் மணி சுமாருக்கு, டீச்சருடன் ஒரே கூடாரத்தில் இருந்த மஹாலக்ஷ்மி என்ற அம்மாள் ஓடி வந்து என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பார்க்கையில் டீச்சர் ஈரப் புடவையோடு பாயில் சுருண்டு கிடந்தார். உதடு நீலமாக இருந்தது. பெயர் கேட்டால் குழறினார். நடுக்கம் இல்லை. மஹாலக்ஷ்மி அம்மாள், "நடுக்கம் நின்னுட்டு சாமி, கொஞ்சம் தேவலைன்னு நினைக்கேன்" என்றார்.  அளவை வேலையில் இருந்தபோது என் கூட வேலை பார்த்த கொம்பையா என்பவர், மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டே இருந்து, நடுக்கம் நின்ற ஒரு மணி நேரத்துக்குள் இறந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். நடுக்கம் நிற்பது தேவலையாகி அல்ல, உடம்பு தோற்றுப்போய்.

அதன்பின் நான் வன்னியராஜிடம் சாவி கேட்டேன். சாவி குருஜியிடம் இருக்கிறது, அவர் மௌனத்தில் இருக்கிறார், எழுப்பினால் தன்னை வைவார் என்றான். "ஏலே, அவரு மௌனத்துல இருக்கட்டும். டீச்சரு வாயத் தொறக்க முடியாமக் கெடக்காவலே" என்றேன். மாலை போட்ட நாளிலிருந்து ஒருவரையும் 'லே' போட்டுப் பேசாதவன் அன்று பேசினேன். அவன் வழியை மறித்து நின்றான். நான் அவனைத் தள்ளிவிட்டு, முளை அடிக்கிற கொட்டாப்புளியால் பெட்டிப் பூட்டை இரண்டு போடு போட்டு உடைத்தேன். உள்ளே ஒரு கட்டு ஊதுபத்தியும் இரண்டு சோப்பும் இருந்தன. கம்பளி ஒன்றுகூட இல்லை.

அதன்பின் மேட்டுக்கு ஓடி, தில்லைநாயகத்தின் கூடார வாசலை அவிழ்த்தேன். நான் அடித்த கூடாரம், எந்த முடிச்சை இழுத்தால் திறக்கும் என்று எனக்குத் தெரியும். உள்ளே நான் கொண்டுவந்த வைக்கோல் முழங்கால் உயரத்துக்குப் பரப்பியிருந்தது. வைக்கோலின் மேல் பன்னிரண்டு கம்பளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துக் கிடந்தன. அதன் மேல் பத்தமடைப் பாய். பாயில் தில்லைநாயகம் காது வரை ஒரு தடித்த நீலக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மாட்டுத்தீவனத்தின் மேல் இவ்வளவு சுகமாகத் தூங்கிய மனிதரை நான் பார்த்ததில்லை.

எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. பாயோடு சேர்த்து உருட்டி வெளியே தள்ளினேன். காதைப் பிடித்து இழுத்தேன் என்று புகாரில் இருப்பது தவறு. காலைத்தான் பிடித்து இழுத்தேன். அவர் எழுந்து நீலக் கம்பளியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, "யாருவே நீரு என்னைத் தொட?" என்று கத்தினார். அவர் பிடியை விடுவதற்காகக் கன்னத்தில் ஒரு அடி அடித்தது உண்மை. இரண்டாவது அடி அடிக்கவில்லை, நேரம் இல்லை. மாலை போட்டவன் கை நீட்டக் கூடாது. அதற்கு நான் சபரிமலையில் பதில் சொல்லிக்கொள்கிறேன், தில்லைநாயகத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதன்பின் நானும் மந்திரமூர்த்தியும் வைக்கோலையும் கம்பளிகளையும் அள்ளிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடி, வைக்கோலை டீச்சர் கூடாரத்தில் கொட்டினோம். நான் வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, உள்ளே இருந்த பெண்களிடம் ஈரத் துணி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் துவட்டச் சொன்னேன். அடியில் மூன்று கம்பளி, மேலே மூன்று, தலைக்கு ஒன்று, இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் ஒட்டிப் படுக்க வேண்டும் என்று சொன்னேன். கையையும் காலையும் தேய்க்கக் கூடாது என்றும், ஆளைப் பைய அசைக்க வேண்டும் என்றும் சொன்னேன். அடுப்பில் சுட்ட கல்லைத் துண்டில் சுற்றி, தோலில் படாமல் கக்கத்தில் வைக்கக் கொடுத்தேன். மிச்சக் கம்பளிகளை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மந்திரமூர்த்தி எஸ்டேட் ஜீப்புக்கு ஓடினார். நான் வெளியே நின்று ஐயப்பன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எட்டு மணிக்கு மேல் மஹாலக்ஷ்மி அம்மாள் உள்ளிருந்து, "சாமி, டீச்சர் நடுங்குதாவ!" என்று கத்தினார். அதைக் கேட்டு நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். இதை எழுத வேண்டியதில்லை என்று சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். அதன்பின் டீச்சர் வாய் திறந்து விழுங்கத் தொடங்கியதும் சூடாகக் கருப்பட்டித் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்து, ஒன்பதரை மணிக்கு ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கூடாரங்களைப் பிரித்துக் கட்டிவைத்துவிட்டு நான் மலையிறங்கியபோது, என் மேல் புகார் போயிருப்பது தெரிந்தது. குடிபோதையில் பூட்டை உடைத்துப் பன்னிரண்டு கம்பளிகளைத் திருட முயன்றதாகவும், யோகியைத் தாக்கியதாகவும் எழுதியிருந்தது. சாட்சிக் கையெழுத்து இரண்டு. ஒன்று வன்னியராஜ். மற்றது ஆஸ்பத்திரியில் வைத்து வாங்கியது, ஜயலக்ஷ்மி டீச்சர்.

கேட்டதற்குச் சொல்கிறேன்: ஆமாம், நேற்று மாலை நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரையும் மிரட்டப் போகவில்லை. எப்படி இருக்கிறார் என்று பார்க்கப் போனேன். டீச்சர் தெளிவாக இருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏன் சாமி, குருஜி மேல கை வச்சீரே. பதினோரு வருஷத் தவத்தைக் கெடுத்துட்டீரே" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.  காலையில் மயங்கிக் கிடந்தவர் எதையும் பார்க்கவில்லை, கம்பளி எங்கே இருந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. மூச்சு இன்னும் இழுத்துக்கொண்டிருந்ததால் சொல்லாமல் வந்துவிட்டேன்.

புகாரில் கண்ட பன்னிரண்டு கம்பளிகளும் உரியவர்களிடமே போய்ச் சேர்ந்துவிட்டன, அதில் எனக்கும் அவர்களுக்கும் வழக்கு இல்லை. ஆனால் நான் அந்தக் கூடாரத்திலிருந்து எடுத்தது பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று. அந்த நீலக் கம்பளி முகாமுக்கு வந்த யாருடையதும் இல்லை. கடைசியாக டீச்சரின் தலையில் சுற்றியது அதைத்தான். அதைப் போர்த்திக்கொண்டுதான் ஜீப்பில் போனார். நேற்று கட்டிலில் தாடை வரை அதைத்தான் இழுத்து மூடியிருந்தார். புகாரில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. திருடு போனது என்று சொல்ல வேண்டுமானால் முதலில் தன்னுடையது என்று சொல்ல வேண்டும். அது யாருடையது என்று தில்லைநாயகத்தை, டீச்சர் முன்னால் வைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அது வரை டீச்சரிடமிருந்து அதை வாங்க வேண்டாம். ஆஸ்பத்திரி ஜன்னலுக்குக் கதவு சரியில்லை.

மேலே எழுதியிருப்பதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான், கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. மாலையைத் தொட்டுச் சொல்கிறேன்.

(ஒப்பம்) இ. சுடலைமணி
30.12.1995

என் முன்பாக,
சார்பு ஆய்வாளர்