ஸ்கோரை மறைத்த எழுத்து

டெலிவிஷனில் எழுத்து வரவைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, கான்ஸ்டபிள். ரிமோட்டில் ஒரே ஒரு பொத்தான். அமுக்கினால் படத்துக்கு அடியில் கறுப்புப் பட்டை வரும், பேசுவதெல்லாம் அதில் வெள்ளை எழுத்தாக ஓடும். மறுபடி அமுக்கினால் போய்விடும். என் கணவர் டெஸ்ஸுக்குத் தெரிந்தது அந்த இரண்டாவது அமுக்கு மட்டும்தான்.

முப்பத்தெட்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து எனக்குக் காது போனது. இருபத்தாறு வருஷம் ஆகிறது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன், உதடு என் பக்கம் திரும்பினால். டெஸ் ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் பேசுவார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, விடு." செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். என் வீட்டில் ஊதிப் பார்த்தவரே கிடையாது.

எழுத்தைப் போட்டால் பிரிஸ்பேன் டீம் ஆடும் ஃபுட்டி மேட்சில் ஸ்கோர் மறைகிறதாம். "உனக்கு என்னத்துக்குடி செய்தி? பிரதமருக்கு யோசனை சொல்லப் போறியா?" என்று நண்பர்கள் முன்னால் கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். சிரிப்பைப் படிக்கக் காது வேண்டாம். எல்லோருக்கும் பியர் எடுத்துக் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் டெஸ், எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடைக்கரையில், கரும்புக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் எழுத்தைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். சத்தம் எனக்கெதற்கு, அதை மூடித்தான் வைப்பேன். மலையில் பேய்மழை, ஒரு மணி நேரத்தில் எங்கள் ஓடையில் வெள்ளம் வரும், கரையில் இருப்பவர்கள் உடனே மேடேற வேண்டும் என்று ஓடியது. இரண்டு தடவை படித்தேன்.

அப்போதுதான் ஸ்பேனர் எடுக்க டெஸ் படியேறி வந்தார். பட்டையைப் பார்த்ததும் முதல் வேலையாக ரிமோட்டை எடுத்து எழுத்தை அணைத்தார். செய்தி வாசிப்பவளின் வாய் மட்டும் அசைந்தது.

"என்ன சொல்றா அவ?"

"ஒண்ணுமில்ல. மழை வர்றதுக்குள்ள பம்ப மேல ஏத்திடுங்க."

அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். எழுத்தை அணைத்தது அவர் கை, என் கை இல்லை.

ஆத்திரத்தில் செய்ததா என்கிறீர்கள். ஆத்திரம் இருபத்தாறு வருஷமாக இருக்கிறது. அந்த ஒரு நாளுக்கு மட்டும் அதன்மேல் ஏன் பழி போடுவது?

எங்கள் வீடு கட்டைக்கால்மேல் உயரத்தில் நிற்பது, வெள்ளம் எட்டாது. நாலு மணிக்குத் தண்ணீர் பம்ப் கொட்டகையைச் சூழ்ந்துகொண்டது. டெஸ் அதன் கூரைமேல் ஏறி நின்றார். நான் வராந்தாவில் நின்றேன். பக்கத்து ஆணியில் படகுக் கயிறு தொங்கியது. அதை நான் எடுக்கவில்லை. அவர் ஏதோ சொன்னார், அவ்வளவு தூரத்தில் உதடு தெரியவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னேன்.

தெரிந்தது. "மெர்ல், கயிறு" என்றார். மூன்று தடவை. காது போன பிறகு, என் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிதானமாக, எனக்குப் புரியும்படி அவர் பேசியது அன்றைக்குத்தான்.