விமலாவுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

ஹலோ... ஹலோ விமலா, கேக்குதா? பமேலா பேசுறேன். வச்சிடாத... இல்ல, கோபமா இல்ல. ஈப்போவுலதான் இருக்கேன், யுவனேஸ்வரன் அண்ணே கம்ப்யூட்டர் கடையில. கிராபிக்ஸ் கார்டு பாக்க வந்தேன்... ஆமா, உன் கம்ப்யூட்டருக்குத்தான். வேற யாருக்கு?

... சரி, சரி. நீ கேக்கலதான், நானாத்தான் வந்தேன். ஞாயித்துக்கெழம ஆன்லைன் கேமு பைனல் லா. அஞ்சு பேரும் அவங்கவங்க வீட்டுலேருந்து ஆடுறோம், போன ஆட்டத்துல உனக்கு மட்டும் படம் நின்னு நின்னு வந்துச்சு... ஆமா, நான் ஏசுனேன். குரூப்புல எல்லாரும் கேக்கத்தான் ஏசுனேன். கார்ட மாத்து, இல்லன்னா எடத்த விடுன்னு சொன்னேன். அத நேர்ல பேசுவோம். இப்ப நம்ம டீமு கென்னத் என்ன சொல்றான் தெரியுமா? அவன் மாமா மகன் யுகேந்திரன் இருக்கானாம், நல்ல கம்ப்யூட்டராம். உன் எடத்துல அவனப் போடலாம்னு காலையிலேருந்து மெசேஜ் மேல மெசேஜ். சாயந்தரத்துக்குள்ள நான் பதில் சொல்லணும். அதான் வேலையப் போட்டுட்டு இங்க ஓடி வந்தேன்.

... கேளு. அண்ணே ரெண்டு கார்டு எடுத்து வச்சிருக்காரு. ஒண்ணு புதுசு, ஆறு ஜிபி, சின்னது, சூடு தணிக்க ஒரே ஒரு காத்தாடி. இன்னொண்ணு செகண்ட் ஹேண்ட், எட்டு ஜிபி, ரெண்டு காத்தாடி. வெல கிட்டத்தட்ட ஒண்ணுதான். பழசு நல்லா வேகமா ஓடுமாம், ஆனா யாரு கையில எவ்வளவு சூடு வாங்குச்சோ தெரியாதுங்கிறாரு. கேரண்டியும் கம்மி... வேணாமா? எது, பழசா?... ரெண்டுமேவா?

... பெட்டிக்குள்ள எடம் பத்தாதா? அதுக்குத்தான் சின்னது இருக்கே... பவர் சப்ளை தாங்காதா? அண்ணேவும் அதத்தான் கேட்டாரு. பெருசுக்குத் தனியா ஒரு பவர் வயரு வேணுமாம், உன் பெட்டியில அது இருக்கான்னு பாக்கணுமாம். சின்னதுக்கு அது கூட வேணாம், போர்டுலேருந்தே கரண்டு எடுத்துக்கும்... என்னா லா நீ, எதச் சொன்னாலும் ஒரு சாக்கு சொல்ற. ஆடணுமா வேணாமா உனக்கு?

... சரி. சரி, ஏசல. ஒண்ணு செய்வோம். நீ கம்ப்யூட்டர ஆன் பண்ணு. இப்ப இருக்குற கார்டு எவ்வளவு சூடாவுதுன்னு பாத்துச் சொல்லு, அண்ணே பக்கத்துலதான் நிக்கிறாரு... ஏன் முடியாது? வேலையில இருக்கியா?... வீட்டுலதானே இருக்க. அப்பறம் என்ன, சுவிட்சப் போடு... ஓ, கரண்டு இல்லையா. எப்ப வரும்?... வராதுன்னா? விமலா, வராதுன்னா என்னா அர்த்தம்?

... அண்ணே, ஒரு நிமிசம். வெளிய போயி பேசிட்டு வாரேன்.

... ம், சொல்லு. வெளிய வந்துட்டேன்... ம். தோட்டத்த மொதலாளி வித்தது தெரியும், அது பழைய கத... எல்லாருமே காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களா? அந்த லயத்து வீட்டு வரிசையில நீயும் அப்பாவும் மட்டுமா?... எப்ப வெட்டுனாங்க கரண்ட?... அப்ப போன வாரம் நீ எங்கேருந்து ஆடுன?

... எங்க?... கோழிச் சோத்துக் கடையிலயா? நீ வேல பாக்குற கடையிலயா?... பின்னால, அரிசி மூட்ட அடுக்குற எடத்துல. கம்ப்யூட்டரயும் ஸ்க்ரீனயும் மோட்டார் சைக்கிள்ல கட்டிக்கிட்டு கோப்பெங் வரைக்கும். போன் டேட்டாவுல... ஆமா, ஆமா. அப்ப நின்னு நின்னுதான் வரும். அதுக்குக் கார்டு என்ன செய்யும்.

... ஏன் என்கிட்ட சொல்லல?... சரி விடு. நான் ஏசுன ஏச்சுல நீ எங்கேருந்து சொல்லுவ.

... விமலா, அது என்ன சத்தம்? அங்க யாரு?... லோரியா? யாரோட லோரி?... மகேந்திரன் அண்ணனா? உன் அண்ணன் தாப்பாவுலேருந்து வந்திருக்காரா?... இன்னைக்கேவா கெளம்புறீங்க? நல்லதுதானே லா, கரண்டு இல்லாத வீட்டுல அப்பாவ வச்சுக்கிட்டு எத்தன நாளு... என்ன?... மெதுவா சொல்லு. அழுதுக்கிட்டே பேசுனா எனக்கு வெளங்கல.

... ம்... ம். கட்டில் வரலாம், பீரோ வரலாம், கம்ப்யூட்டர் வரக்கூடாதா? ஏன், எடமில்லையாமா?... யாரு, அண்ணி சொன்னாங்களா? பொம்பளப் புள்ளைக்கு ராத்திரியில கேமு எதுக்குன்னு கேட்டாங்களா?... அவங்க சொன்னா அண்ணனும் தலைய ஆட்டுறாரா... பழைய சாமான் வாங்குறவன வரச் சொல்லிட்டாரா? எப்ப வாரான்?... அப்ப கம்ப்யூட்டர் இப்ப எங்க இருக்கு?

... உன் மடியிலயா.

... விமலா, நான் சொல்றத நல்லா கேளு. நீ இங்க வந்துரு... என் வீட்டுக்குத்தான். நானும் அம்மாவும் மட்டும்தானே, பின்னால ரூம் சும்மா கெடக்கு. இங்கேருந்தே கோப்பெங்குக்கு பஸ் ஏறி வேலைக்குப் போலாம்... இரக்கப்பட்டெல்லாம் சொல்லல... பைனலுக்காகவா? ஆமா, பைனலுக்காகவும்தான். பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது முடிஞ்சதும் கெளம்புன்னு சொல்றவ நான் இல்ல. கென்னத்துக்கும் சொல்லிடுறேன், உன் எடம் உனக்குத்தான்னு.

... நான் பேசவா உன் அண்ணன்கிட்ட?... ம். அதுவும் சரிதான். நான் சொன்னா யாரோ ஒருத்தி சொன்னதாப் போயிரும். நீயே சொல்லு... இப்பவே சொல்லு, அந்தச் சாமான்காரன் வாரதுக்கு முந்தி. போன வச்சிடாத, கையிலயே புடிச்சிக்க. நான் இருக்கேன்... போ.

...

... இல்லண்ணே, இன்னும் முடியல. கொஞ்சம் இருங்க, அங்க என்னமோ பேசுறாங்க...

...

... ஹலோ. ஆ, கேட்டுச்சு. தாப்பாவுக்கு வரலன்னு நீ சொன்னது நல்லாவே கேட்டுச்சு... கத்தட்டும் லா. சாமான் ஏத்துன களைப்புல கத்துறாரு. அப்பா என்ன சொன்னாரு?... என்ன? யாரு கேக்குறா? போன யாருகிட்ட குடுக்கப் போற, விமலா...

... ஹலோ. வணக்கம் அங்கிள். பமேலா பேசுறேங்க... ஆமாங்க, அவகூட ஆடுறவதான். தீபாவளிக்குக் கூட்டாளிங்களோட வந்தேனே... ஆமா, அந்த நெட்டையா இருந்தவதான்.

... இல்லைங்க, இது வேலன்னு சொல்ல முடியாது. ஜெயிச்சா பரிசு உண்டு, அத அஞ்சா பிரிச்சா பெருசா ஒண்ணும் நிக்காது... ஆமாங்க... அப்பறம் எதுக்கா? அங்கிள், எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நாங்க நாலு பேரும் தோத்து வெளிய வந்துட்டாக்கூட விமலா ஒருத்தி நின்னு ஆட்டத்தத் திருப்பிருவா. எதிர்ல எத்தன பேரு நின்னாலும் பதறமாட்டா. நான்தான் பதறுவேன், கத்துவேன். அவ வாயே தொறக்க மாட்டா. நீங்க பாத்திருந்தீங்கன்னா...

... பாத்திருக்கீங்களா?... அவ ஆடுறப்ப பின்னால நின்னுக்கிட்டேவா?... அவளுக்குத் தெரியவே தெரியாது அங்கிள். எங்ககிட்ட சொன்னதே இல்ல, அப்பா பாப்பாருன்னு.

... ம்... அம்மாகிட்ட இன்னும் சொல்லலைங்க. இப்பத்தான் எனக்கே தோணுச்சு. ஆனா அம்மா வேணாம்னு சொல்ற ஆளு இல்ல... சரிங்க. அம்மா பேரு அகதா, அங்க வந்ததும் என் போன்லயே அவங்கள உங்ககூட பேசச் சொல்றேன். அவங்க சரின்னு சொன்னப்பறம் நீங்க சரின்னு சொன்னா போதும்... ஆமாங்க, கதவுக்குப் பூட்டு இருக்கு. பின் ரூமுக்கும் தனியா இருக்கு... வாரத்துக்கு ஒருதரம் தாப்பாவுக்கு அனுப்பிடுறேன் அங்கிள். பஸ் கெடைக்கலன்னா நானே கொண்டாந்து விடுறேன்.

... எப்ப வருவேனா? இப்பவே கெளம்புறேன். காடி கடை வாசல்லதான் நிக்குது, நானே ஓட்டிட்டு வாரேன். கோப்பெங் தாண்டி தோட்டத்து ரோட்டுல திரும்பணும், தெரியும்... அது வரைக்கும் லோரி நிக்குமா? மகேந்திரன் அண்ணன்... நீங்களே சொல்லிக்குவீங்களா. சரிங்க... சாமான்காரனையும் திருப்பி அனுப்பிடுவீங்களா. ரொம்ப நன்றி அங்கிள்... கம்ப்யூட்டர் இப்ப உங்க கையிலயா? பாத்துங்க, பெட்டியோட கண்ணாடிப் பக்கத்தக் கீழ வச்சிடாதீங்க... ஓ, அவளே சொல்லிட்டாளா. சரிங்க. சரிங்க அங்கிள்.

... ஹலோ, விமலா? அப்பா என்ன சொன்னாரு தெரியுமா... பேட்டரி போவுதா? சரி, சரி, சுருக்கா சொல்லு... துணிமணி எடுத்துக்க, வேற என்ன, தலகாணி இங்க இருக்கு. மோட்டார் சைக்கிள அப்பறம் பாப்போம்... என்ன? கார்டா? இப்ப போயி கார்டு கேக்குற... சிரிக்காத லா, நானும் இப்ப அழுதுருவேன். ரெண்டு காத்தாடி வச்சதுதானே? அதுக்குத்தான் அந்த வயரு இருக்கான்னு... என்ன சொன்ன? சரியா கேக்கல. அந்தச் சின்னதா? இல்ல, பெருசா?... ஹலோ. விமலா?

ஹலோ...

கட்டாயிருச்சு.

... இல்லண்ணே, ஒண்ணும் ஆகல. நல்லதுதான். நான் கோப்பெங் வரைக்கும் போயிட்டு வாரேன்... கார்டா? எனக்குத் தெரியாதுண்ணே. ரெண்டையும் எடுத்து வைங்க. நாளைக்கு ஆளக் கூட்டிட்டு வாரேன். ஆடுறவ அவதானே, அவளே பாத்து எடுக்கட்டும்.