அறுபது வருட விஸ்கி

வயதான விஸ்கியில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, பத்து நிமிடம் சும்மா வைத்துவிட வேண்டும். அதன்பிறகுதான் வாசனை பிரியும். பலர் ஐஸ் போட்டுக் கெடுத்துவிடுகிறார்கள். உங்களுக்கு இந்தப் பழக்கம் உண்டா, ஐயா? இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அரிய பாட்டில்களை விற்கும் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக ருசி பார்ப்பவன் நான். என்னை ‘மூக்கு சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. எழுந்தபோது மோப்பமே போய்விட்டிருந்தது. சோப்பும் ஸ்காட்சும் எனக்கு ஒன்றாகிவிட்டன. சொன்னால் வேலை போகும். சொல்லவில்லை.

மனைவியின் தம்பி அங்கேயே கோப்பை கழுவும் வேலையில் இருந்தான். பிறவி மூக்கு அவனுக்கு. அவன் முகர்ந்து சொல்வான், நான் எழுதுவேன், எல்லோரும் என்னைப் பாராட்டுவார்கள். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை.

பிறகு ஒருநாள் மாதிரி பாட்டில்கள் வைக்கும் அறையில் வந்து நின்றான்.

“அத்தான், எனக்குக் கப்பல்ல வேலை கிடைச்சிருச்சு. அடுத்த வாரம் கிளம்புறேன்.”

“என் கதி என்னடா?”

“உண்மையைச் சொல்லிருங்க. தலையா போயிடும்?”

அவனுக்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிட்டான். அந்த அறை அடித்தளத்தில் இருக்கிறது. சன்னல் இல்லை. கழிப்பறை உண்டு, மின்விசிறி உண்டு. சாவி என்னிடம் மட்டும், வேறு யாரும் அங்கே இறங்குவதில்லை. வெளியே வந்து கதவைப் பூட்டினேன். யோசித்துப் பார்க்க ஒரு நாள் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள், திறந்தால் சத்தம் போடுவானே என்று தோன்றியது. அவன் உள்ளிருந்தே முகர்ந்து சொல்ல, அப்படியே பதினோரு மாதம் ஓடிவிட்டது.

எனக்கும் கஷ்டம்தான், ஐயா. ஒரு நாள் லீவு போட முடியாது. ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போக முடியாது. அவன் மேலே விட்டுவந்த போனிலிருந்து நானே வீட்டுக்குச் செய்தி அனுப்ப வேண்டும்.

“என்னங்க, தம்பி குரலைக் கேட்டே எவ்வளவு நாளாச்சு” என்பாள் மனைவி.

“கப்பல் வேலைன்னா அப்படித்தான்” என்பேன். எனக்குச் சோறு இறங்காது.

போன வெள்ளிக்கிழமை அறுபது வருட சிங்கிள் மால்ட் விஸ்கி ஒன்றைப் பெரிய மனிதர்கள் முன் ருசி பார்க்க வேண்டியிருந்தது. காலையில் நானே தக்கையைப் பிடுங்கி, ஒரு கோப்பை ஊற்றிக் கீழே கொண்டுபோனேன். சாப்பாடு கொடுக்கும் கதவுத் துவாரத்தின் வழியாக நீட்டினேன். உள்ளே அவன் மூன்று முறை மூச்சை இழுத்து முகர்வது கேட்டது.

“அத்தான், இப்படி ஒண்ணை நான் முகர்ந்ததே இல்ல. தேன்மெழுகு, காய்ஞ்ச ஆரஞ்சுத் தோல், பழைய புத்தக அலமாரி. எழுதிக்கோங்க.”

விருந்தினர் முன் கண்ணை மூடி, நிறுத்தி நிதானமாக அதையே சொன்னேன். கண்ணைத் திறந்தபோது எல்லோரும் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மூக்கு சார், தக்கை கெட்டு சரக்கே பாழாயிருக்கு. ஈரச் சாக்கு நாத்தம் அடிக்குது. உங்களுக்குத் தெரியலையா?” என்றார் முதலாளி.

நேரே கீழே போனேன். முதலாளி பின்னாலேயே இறங்கி வந்ததைக் கவனிக்கவில்லை. “ஏன்டா இப்படிப் பண்ணினே?” என்று கதவைப் பார்த்துக் கேட்டேன். உள்ளே அவன் சிரித்தான்.

அவனை வெளியே கூட்டிவந்தபோது வெளிச்சம் தாங்காமல் கண்ணைப் பொத்திக்கொண்டான். பூட்டி வைத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பதினோரு மாதமும் வேளை தவறாமல் சோறு போட்டேன், ஒருநாள் கை நீட்டியதில்லை. சொந்த மச்சினனே என்னிடம் பொய் சொல்வான் என்று நான் எப்படி ஐயா எதிர்பார்ப்பேன்?