கதவுக்குத் தெரியாத முகம்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் அழகுநிலையச் சங்கத் தலைவி அவர்களே, கத்தரியும் சீப்புமாய்க் காலத்தைக் கழித்த மூத்தோரே, மகள்களோடு வந்திருக்கும் தாய்மார்களே, மூன்று பூச்சுப் பூசிவிட்டு "ஒண்ணுமே போடலக்கா" என்று என்னிடமே சாதிக்கும் தங்கைகளே, வணக்கம்.

இயற்கை அழகைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசிப் பேசி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். முகத்தைக் கழுவு என்றேன், கேட்டீர்களா? கொஞ்சம் மாய்ஸ்சரைசர், வெளியே போனால் சன்ஸ்கிரீன், உதட்டில் இலேசாய் ஒரு சாயம், அத்தோடு கையை எடு என்றேன், எடுத்தீர்களா? யாரம்மா அங்கே, "கண்மை?" என்பது? போட்டுக்கொள் தாயே. கண்ணுக்கு மட்டும் போடு.

போன மாதம் ஒரு பெண் என் கடைக்கு வந்து முகக்கவசத்தை இறக்கினாள். கன்னமெல்லாம் பழுத்த பரு. அதன்மேலும் பூச்சு.

"ஏம்மா, இன்னிக்காவது சும்மா விடக் கூடாதா?"

"சும்மா போனா ஆபீஸ் கதவு திறக்காதுக்கா."

முகம் பார்த்துத் திறக்கும் கதவு அது. முகத்தைப் பதிய வேண்டிய முதல் நாள், நம் சங்கத்துக் கடை ஒன்றில் "நேச்சுரலா பண்ணுங்க" என்று கேட்டிருக்கிறாள். நம்மவர் மூக்கைக் கூராக்கி, முகவாயைச் சுருக்கி, புருவத்தை நெற்றிவரை ஏற்றி அனுப்பியிருக்கிறார். அதற்குப் பெயர் நேச்சுரலாம். மறுநாள் கழுவிய முகத்தோடு போனால் கதவு அசையவில்லை. அன்று முதல் விடியலில் எழுந்து அதே முகத்தை வரைகிறாள். பூச்சால் பரு, பருவை மறைக்கப் பூச்சு. வேலையையே விட்டுவிடலாமா என்கிறாள்.

"கழுவின முகத்தையே மறுபடி பதியச் சொல்ல வேண்டியதுதானே?"

"இந்த மூஞ்சியைப் பதியச் சொல்ல வெட்கமா இருக்குக்கா."

கேட்டீர்களா சபையோரே? தன் முகத்தைத் தனதென்று சொல்ல ஒரு பெண்ணுக்கு வெட்கம். அந்த வெட்கத்தைப் பூசி அனுப்பியது யார்? நாம். காசு வாங்கிக்கொண்டு நாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே முகம் கழுவ வைத்து, கையோடு அவள் ஆபீசுக்கே அழைத்துப் போனேன். வாசல் காவலர் ஏற இறங்கப் பார்த்து, "புதுசா சேர்ந்த பொண்ணா?" என்றார். அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லண்ணே, பழைய ஆள்தான். என் முகத்தைப் பதியணும்."

பருவோடு பதிந்தாள். பரு ஆறிவருகிறது, கதவும் திறக்கிறது.

சக தொழிலாளர்களே, நேச்சுரல் கேட்டு வருகிறவளை அவள் முகத்தோடேயே வீட்டுக்கு அனுப்புங்கள். அதற்கு மேல் உங்களிடம் கேட்க எனக்குத் தெம்பில்லை. உருகி வழியும் பூச்சோடும் எழுந்து போகாமல் கேட்டவர்களுக்கு நன்றி. வீட்டுக்குப் போனதும் முகத்தைக் கழுவிவிட்டுப் படுங்கள். வணக்கம்.