ஜிப் அக்காவின் எதிர்க்கடைக்காரன் பேசுகிறேன்

மேடையில் வீற்றிருக்கும் மெத்தை வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, தாயை இழந்து நிற்கும் அன்பு மகளே, தமக்கையை இழந்து நிற்கும் தம்பியே, கடைத்தெரு நண்பர்களே, ஊசியையும் நூலையும் கீழே வைத்துவிட்டு வந்திருக்கும் எங்கள் இரண்டு பட்டறைகளின் தையற்காரர்களே, அக்கா தைத்த மெத்தையில் உறங்கி எழுந்து வந்திருக்கும் வாடிக்கையாளர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ஒலிபெருக்கி முன்னால் என்னைக் கண்டதும் சிலர் புருவம் உயர்ந்ததைப் பார்த்தேன். நியாயம்தான். இவன் எதிர்க்கடைக்காரன் ஆயிற்றே, இவனுக்கு இங்கே என்ன வேலை? அக்காவின் மகள் தெருவைக் கடந்து என் கடைக்கு வந்து, "மாமா, கூட்டத்துல நீங்க பேசணும்" என்றபோது நானும் அதையே கேட்டேன்.

"உங்க அம்மாகூடக் காலம் பூரா போட்டி போட்டவன்மா நான்."

"அதுக்குத்தான் மாமா. சொந்தக்காரங்க எல்லாரும் நல்லதாத்தான் சொல்லுவாங்க. எதிர்ல நின்னு பார்த்தவர் நீங்க ஒருத்தர்தான். உள்ளது உள்ளபடி சொல்லுங்க."

சொல்கிறேன். உள்ளது உள்ளபடியே சொல்கிறேன்.

பெரியோர்களே! நாம் விற்பது எப்படிப்பட்ட பொருள்? பழம் வாங்குகிறவர் முகர்ந்து பார்க்கலாம். சட்டை வாங்குகிறவர் போட்டுப் பார்க்கலாம். மெத்தை வாங்குகிறவர் எதைப் பார்ப்பார்? மேலுறையில் இருக்கும் பூவைத்தான் பார்ப்பார்! உள்ளே இருப்பது நல்ல பஞ்சா, கழிவுத் துணியா என்பது தைத்து மூடியவருக்கு மட்டுமே தெரியும். ஏமாற்ற நினைத்தால் இதைவிடச் சுலபமான தொழில் உண்டா?

கடை போட்ட புதிதில் அக்கா ஒரு காரியம் செய்தார். தான் தைத்த ஒவ்வொரு மெத்தையின் ஓரத்திலும், கை நுழையும் அளவுக்கு ஒரு ஜிப் வைத்தார். "திறந்து பாருங்க, கையை விட்டுப் பாருங்க, அப்புறம் விலை பேசலாம்" என்பார். கடைத்தெருவே சிரித்தது. இது மெத்தையா, கைப்பையா என்று கேலி பேசினோம். 'ஜிப் அக்கா' என்ற பெயர் பிறந்தது என் கடை வாசலில்தான்!

அந்தச் சிரிப்பு எவ்வளவு காலம் நீடித்தது? என் கடைக்கு வந்தவர்கள் மெத்தையைச் சுற்றிச் சுற்றி வந்து, "உங்களுதுல ஜிப் இல்லியா?" என்று கேட்கத் தொடங்கும் வரைக்கும்தான்!

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் நேரே போய்க் கேட்டுவிட்டேன். "உங்களால எங்க எல்லாருக்கும் ஜிப் செலவு அக்கா!"

அவருக்குக் கோபமே வரவில்லை. "சல்லிசா ஜிப் கிடைக்கிற இடம் எனக்குத் தெரியும். சொல்லட்டுமா?" என்றார். சொல்லவும் செய்தார். போட்டிக்காரனுக்குத் தன் சரக்கு வரும் இடத்தைச் சொல்லிக் கொடுக்கும் வியாபாரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கிளம்பும்போது சொன்னார்: "வியாபாரம்னா வாங்கினவங்களும் தூங்கணும், வித்தவங்களும் தூங்கணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அது வெறும் வாய்ப்பேச்சா? இல்லை என்பதை நான் தெரிந்துகொள்ள என் பட்டறை எரிய வேண்டியிருந்தது.

மின்கசிவில் பிடித்த தீ. எல்லோரும் சாப்பிடப் போயிருந்ததால் உயிர் தப்பினோம். பஞ்சு கொட்டிக் கிடந்த இடத்தில் நெருப்புக்குக் கேட்கவா வேண்டும்? புதிதாகக் கட்டிய ஒரு பிரசவ மருத்துவமனைக்கு அப்போது மெத்தை தைத்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளிலேயே பெரிய ஆர்டர். தைத்தது அத்தனையும் சாம்பல். அங்கே திறப்பு விழா நெருங்கிவிட்டது.

மறுநாள் காலை அந்த மருத்துவமனை அதிகாரி நேராக அக்காவின் கடைக்குள் நுழைந்தார். கரி படிந்த என் வாசலில் நின்று அதைப் பார்த்தேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்கு மெத்தை வேண்டும். எல்லாம் கைவிட்டுப் போயிற்று என்று நான் நினைத்த நேரத்தில், அக்கா வாசலுக்கு வந்து கூப்பிட்டார்: "எதிர்க்கடைக்காரரே, கொஞ்சம் இங்க வாங்க!"

போனேன். எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு அதிகாரியிடம் சொன்னார்: "சார், மெத்தை சொன்ன நேரத்துக்கு வந்துரும். இது இவர் ஆர்டர், இவர்தான் கொடுப்பார். தைக்கிற இடம் மட்டும் என்னுது."

"அவருக்குத்தான் பட்டறையே இல்லையேம்மா?"

"பட்டறைதானே சார் எரிஞ்சுது? தைக்கிறவங்க கை நல்லாத்தானே இருக்கு?"

கடையில் அக்காவுக்குக் கூட்டாளி அவர் தம்பி. அவருக்குப் பொறுக்கவில்லை. "உனக்கென்னக்கா பைத்தியமா? தானா வந்து மடியில விழுது. நாம என்ன தட்டியா பறிச்சோம்?"

"அவர் வீட்டுல அடுப்பு எரியாம இருக்கறப்போ நமக்குச் சோறு தொண்டையில இறங்குமாடா? தினம் அவர் முகத்துல முழிச்சுத்தான் நான் கடை திறக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு நிபந்தனை. என் பட்டறையில தைக்கிறதுக்கு ஜிப் வச்சாகணும்!"

அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

தன் தையல் மேசைகளை ஒருபக்கம் ஒதுக்கி, பாதிப் பட்டறையை எங்களுக்குக் கொடுத்தார். முதலில் என் ஆட்கள் ஒரு மூலை, அவர் ஆட்கள் ஒரு மூலை. போகப் போக யார் எந்தக் கடை ஆள் என்று எனக்கே குழம்பிப் போயிற்று! அந்த மருத்துவமனைக்கு என் கடைப் பெயரில் மெத்தை போனது. இன்று உங்கள் முன்னால் ஒரு வியாபாரியாக நான் நிற்கிறேன் என்றால், அந்தப் பாதிப் பட்டறைதான் காரணம்.

ஆனால் நண்பர்களே, நல்லது செய்தவருக்கு எல்லாம் நல்லதாகவா நடந்தது? தம்பி கோபித்துக்கொண்டு வெளியேறினார். இதைச் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டேன். "சொல்லுங்கண்ணே, அக்கா கதையில நானும் உண்டுதானே" என்றார். அடுத்த தெருவில் அவர் தனிக்கடை போட்டார். "எங்க அக்காவுக்கு ஊரான்தான் சொந்தம்" என்று போகிற இடமெல்லாம் பேசினார். பதிலுக்கு அக்கா ஒரு வார்த்தை பேசியிருப்பாரா? உன் தம்பி கடையில் வாங்கலாமா என்று கேட்டவர்களிடம் என்ன சொன்னார் தெரியுமா? "தாராளமா வாங்குங்க. என்னைவிட நேராத் தைப்பான். கோபம்தான் கொஞ்சம் கோணல்!"

என்னால் வந்த பிரிவு ஆயிற்றே என்று நான் சமாதானம் பேசப் போனேன். "நீங்க உங்க கடையைப் பாருங்க. என் தம்பியை நான் பார்த்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டார். வருஷங்கள் போயின.

ஒருநாள் தம்பி வந்தார். தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "எதிர்க்கடைக்காரருக்கு இடம் கொடுத்த. கூடப் பொறந்தவனை ஒரு தடவை வாடான்னு கூப்பிட்டியா?"

"அவருக்கு இடம் இல்ல, கொடுத்தேன். உன் இடத்துக்கு உன்னை நான் எதுக்குடா கூப்பிடணும்? பூட்டை மாத்தினேனா? சாவி உன்கிட்டதானே இருக்கு?"

தம்பியின் கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குப் போனது. சாவி அங்கே இருந்தது. அத்தனை கோபத்திலும் அவர் அதைத் தூக்கி எறிந்திருக்கவில்லை! மறுநாள் காலை அக்கா வருவதற்கு முன்பே கடை திறந்திருந்தது. உள்ளே போன அக்கா அழவில்லை, பழசைக் கிளறவில்லை. "டீ சொல்லுடா. எதிர்க்கடைக்கும் ஒண்ணு சொல்லு" என்றார். அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

போன மாதம் உடல்நிலை மோசமாகி மருத்துவமனையில் கிடந்தவரைப் பார்க்கப் போனேன். பேச்சு குறைந்திருந்தது. கட்டைவிரலால் மெத்தையை அழுத்திக் காட்டி, "இது யார் தைச்சது, நீங்களா?" என்றார். "இல்லக்கா" என்றேன். "நல்லவேளை" என்று சிரித்தார். அவர் வாயிலிருந்து நான் கடைசியாகக் கேட்ட சொல் அதுதான். கண்ணீரோடு வீட்டுக்குப் போகவேண்டிய என்னைச் சிரிக்க வைத்து அனுப்பினார் அந்த மகராசி!

அக்காவுக்கு நாம் என்ன கைம்மாறு செய்யப் போகிறோம்? படத்துக்கு மாலை போட்டால் போதுமா? இன்று காலை நம் சங்கம் கூடி ஒரு முடிவு எடுத்திருக்கிறது. இந்தத் தெருவில் யார் பட்டறைக்கு இடர் வந்தாலும், யார் படுக்கையில் விழுந்தாலும், அவர் கைவேலையை மற்றவர்கள் முடித்துக் கொடுப்போம். அவர் பெயரிலேயே கொடுப்போம். அவருடைய வாடிக்கையாளர் ஒருவரையும் தொடமாட்டோம். இதை அக்காவின் படத்துக்கு முன்னால் உறுதிமொழியாகச் சொல்கிறோம். இந்த உறுதிமொழியை மீறுகிறவன் நானாக இருந்தாலும், தெருவில் நிறுத்திக் கேளுங்கள்!

கடைசியாக, அக்காவின் மகளுக்கும் தம்பிக்கும் ஒரு வேண்டுகோள். கடையை மூடிவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம் தாயி! எதிரில் உங்கள் அம்மா இருந்ததால்தான் நான் ஒழுங்காகத் தைத்தேன். நாளைக் காலையில் கடையைத் திறங்கள். எனக்குப் போட்டி வேண்டும்!