வாலு அம்மா இல்லாத குழு

பார்லர் அக்கா: ...அதெல்லாம் முடியாது. யானை நாற்காலியத் துடைச்சு, பலூன் ஊதி, மீன் படம் போட்ட துண்டு எடுத்து வச்சிருக்கேன். வெறுங்கையோட வந்து நிக்கற. பையன் எங்க?

வாலு அம்மா: கார்ல இருக்கான்க்கா.

பார்லர் அக்கா: தனியாவா?

வாலு அம்மா: இதோ, வாசல்லதான். கண்ணாடி இறக்கித்தான் விட்டிருக்கேன். இங்க நின்னா நல்லாத் தெரியுது. முடி வெட்டணும்னு சொன்னதும் உள்ள இருந்து பூட்டிக்கிட்டான். நான் சாவி போட்டுத் திறந்தா மறுபடி பூட்டறான். இறங்கவே மாட்டேங்கறாரு.

பார்லர் அக்கா: மாட்டேங்கறாரா?

வாலு அம்மா: ...ங்கறான். செல்லமா அப்படிச் சொல்றதுதான்.

பார்லர் அக்கா: ம்ம். மரியாதை குடுத்து வளக்கற. எங்க வீட்ல நாலு இருக்கு. ஒண்ணுக்காவது மரியாதை குடுக்கலாம்னு பாக்கறேன், நேரமே கிடைக்கல. நகரு, நான் எட்டிப் பாக்கறேன்.

வாலு அம்மா: வேணாம்க்கா! புது ஆளுன்னா... மிரளுவான்.

பார்லர் அக்கா: நான் புது ஆளா? அவன் தும்மினாக்கூட போன்ல நம்ம அம்மாங்க குழுவுல நீ எழுதிடற. தலையணை உறைக்குள்ள பிஸ்கட் ஒளிச்சு வச்சு எறும்பு வந்தது தெரியும். சட்டையத் திருப்பிப் போட்டுக்கிட்டு, நீதான் தப்பாத் தச்சிருக்கேன்னு சண்டை போட்டது தெரியும். வீட்டுக்குள்ளயே உக்காந்துக்கிட்டு, வீட்டுக்குப் போலாம், வீட்டுக்குப் போலாம்னு அழுதானே...

வாலு அம்மா: செருப்பு மாட்டி, தெருவ ஒரு சுத்து சுத்திட்டு, வீடு வந்துருச்சுன்னு சொல்லுன்னு நீங்கதான் எழுதினீங்க. என்னமா கேட்டான் தெரியுமாக்கா! 'அப்பாடா, வந்துட்டோம்'னு சோபாவுல சாஞ்சவன்தான்.

பார்லர் அக்கா: இன்னிக்குத்தான் உன் மூஞ்சியவே பாக்கறேன். எழுத்த வச்சு, நீ நல்லா வாட்டசாட்டமா இருப்பேன்னு நெனச்சேன்.

வாலு அம்மா: எழுத்துல எடை தெரியுமாக்கா?

பார்லர் அக்கா: ஒரு ஆச்சரியக்குறி போடற இடத்துல வரிசையா வேலி கட்டுவியே, அதப் பாத்து சொல்றேன். சரி, உக்காரு. ஏன் கைய இப்படிப் பிசையற?

வாலு அம்மா: முடிவெட்ட மட்டும் வரலக்கா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நேர்ல.

பார்லர் அக்கா: கேளேன்.

வாலு அம்மா: மறைக்காம சொல்லணும்.

பார்லர் அக்கா: நான் எத மறைச்சிருக்கேன்? தலைக்கு மை அடிக்கறதக்கூட ஊருக்கே சொல்லிட்டுத்தான் அடிக்கறேன்.

வாலு அம்மா: இன்னொரு குழு இருக்காமே.

பார்லர் அக்கா: சீப்பு விழுந்துருச்சு. தேடறேன். என்ன கேட்ட?

வாலு அம்மா: சீப்பு உங்க கொண்டையில இருக்கு. நம்ம குழு அம்மாங்க எல்லாரும் இருக்கற இன்னொரு குழு. நான் மட்டும் இல்லாத குழு.

பார்லர் அக்கா: யாரு சொன்னா?

வாலு அம்மா: இரட்டையர் அம்மா.

பார்லர் அக்கா: அவளா? வாயத் திறந்து சொன்னாளா?

வாலு அம்மா: சொல்லல. அங்க போட வேண்டியத நம்ம குழுவுல போட்டுட்டாங்க. 'வாலு அம்மா இங்க இல்லைல்ல? அப்ப மனசு விட்டுப் பேசலாம்'னு. போட்ட வேகத்துல அழிச்சுட்டாங்க. அதுக்குள்ள நான் படிச்சுட்டேன்.

பார்லர் அக்கா: பெத்த ரெண்டுல எதுக்குப் பால் குடுத்தோம், எதுக்குக் குடுக்கலன்னே அவளுக்குத் தெரியாது. அவ கையில போய் ரெண்டு குழுவக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்.

வாலு அம்மா: அப்ப குழு இருக்கு.

பார்லர் அக்கா: அது... தள்ளுபடிக் குழு. எந்தக் கடையில என்ன தள்ளுபடின்னு...

வாலு அம்மா: தள்ளுபடியா? யாரத் தள்ளினீங்க, என்னையவா?

பார்லர் அக்கா: ஐயோ, அப்படி இல்லம்மா...

வாலு அம்மா: மனசு விட்டுப் பேசற அளவுக்கு அதுல என்ன விக்கறாங்க? எனக்குத் தெரியும்க்கா. என்னப் பத்தித்தான் பேசறீங்க. எல்லார்கிட்டயும் பிள்ளை போட்டோ போடு, போட்டோ போடுன்னு கேப்பீங்க. என்கிட்ட ஒருத்தர்கூடக் கேட்டதில்ல. ஒரு தடவகூட.

பார்லர் அக்கா: கேக்கலைன்னு கோவிச்சுக்கிட்டு வந்த ஒரே ஆளு நீதான்.

வாலு அம்மா: கோவம் இல்ல, பயம். என்ன விலக்கிடுவீங்களோன்னு. அவரு கப்பல்ல வேலை பாக்கறாருன்னு உங்களுக்கே தெரியும். பாதி நாள் அவருக்கு சிக்னல் இல்ல. சிக்னல் கிடைச்சா தூக்கம். காலையிலேருந்து படுக்கற வரைக்கும் நான் பேசற ஒரே ஆளு அந்த வாலுதான். கேட்டதையே கேக்கும். சொன்னா, யாரு சொன்னான்னு கேக்கும். குளிக்க வாடான்னா கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும். எனக்கு அழுகை அழுகையா வரும்க்கா. அத உங்களுக்கு எழுத ஆரம்பிச்சா, பாதியிலயே எனக்கே சிரிப்பு வந்துரும். அதுவும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?

பார்லர் அக்கா: யாரு போச்சுன்னா? கண்ணத் துடை. மீன் துண்டுதான், பரவால்ல, துடை... யாரது வெளிய, இப்படி ஹாரன் அடிக்கறது? கல்யாண வண்டி போற மாதிரி.

வாலு அம்மா: ...நம்ம கார்தான்.

பார்லர் அக்கா: டிரைவர் சீட்டுக்கு வந்துட்டானா!

வாலு அம்மா: சாவி என்கிட்டதான் இருக்கு.

பார்லர் அக்கா: இருந்தாலும் போ, போய்த் தூக்கிட்டு வா. நான் யானையத் தயார் பண்றேன்.

வாலு அம்மா: தூக்க முடியாதுக்கா. யானையும் தாங்காது.

பார்லர் அக்கா: என்ன இருப்பான், இருபது கிலோ?

வாலு அம்மா: அறுபத்தஞ்சு.

பார்லர் அக்கா: அறுபத்தஞ்சு கிலோவா?

வாலு அம்மா: என் மாமனார்க்கா.

பார்லர் அக்கா: ஐயையோ.

வாலு அம்மா: எனக்குப் பிள்ளையே இல்ல. அவருக்கு எழுபத்தொம்பது. ரயில்ல டிக்கெட் பரிசோதகரா இருந்து ஓய்வு வாங்கினவரு. உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன். திட்டுங்க.

பார்லர் அக்கா: ஐயையோ. கடவுளே.

வாலு அம்மா: என்னக்கா, பால்காரர் வந்துட்டார்ங்கற மாதிரி சாதாரணமா ஐயையோங்கறீங்க?

பார்லர் அக்கா: பக்கத்துக் கடையில குழந்தை தூங்குது, கத்தக் கூடாது. உள்ளுக்குள்ள அதிர்ச்சியாத்தான் இருக்கு. நீ சொல்லு. எப்படி ஆரம்பிச்ச?

வாலு அம்மா: அவருக்கு மறதி வந்த புதுசுல, எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வீட்டுக்காரர்கிட்ட போன்ல சொன்னா, 'அப்பாதானே, குழந்தை மாதிரி, பாத்துக்க'ன்னு வச்சுட்டாரு. சரி, குழந்தைன்னா யாரக் கேக்கணும்? அம்மாங்களத்தானே? உங்க குழு கண்ணுல பட்டுச்சு. சேரணும்னா பிள்ளையோட வயசு கேட்டுச்சு. அன்னிக்குப் பூரா, கக்கூஸ் கதவத் திறந்து வச்சாத்தான் போவேன்னு அடம். எந்த வயசுல அப்படின்னு தேடிப் பாத்தேன். நாலுன்னு இருந்துச்சு. நாலுன்னு போட்டுட்டேன்.

பார்லர் அக்கா: அப்புறம் நாலு நாலாவே நின்னுருச்சு. பிறந்தநாளே வரல.

வாலு அம்மா: கிண்டல் பண்ணாதீங்க. இன்னொண்ணும் இருக்கு. என்ன அவரு அம்மான்னுதான் கூப்பிடுவாரு.

பார்லர் அக்கா: மருமகள அம்மான்னு கூப்பிடறது உண்டுதானே.

வாலு அம்மா: அந்த அம்மா இல்லக்கா. நெஜ அம்மா. வெளிய போகணும்னா என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டு அனுமதி கேப்பாரு. கண்ணாடிக் குவளைய உடைச்சுட்டா, அடிக்காதம்மான்னு சுவரோட ஒட்டி நிப்பாரு. ஒரு ஆளு நம்மள நாள் முழுக்க அப்படிக் கூப்பிட்டா, நாம யாருன்னு நமக்கே கொஞ்சம் குழம்பிரும்.

பார்லர் அக்கா: ...வா, போலாம். ரெண்டு பேருமாப் போய்க் கூட்டிட்டு வருவோம்.

வாலு அம்மா: வரமாட்டாருக்கா. முடி பிடரி தாண்டிருச்சு. போன தடவ ஒரு சலூன்ல கத்தரிக்கோலப் பாத்து கத்தின கத்துல, பாதித் தலையோட வெளிய வந்தோம்... மாமா, கதவத் திறங்க.

வாலு: மாட்டேன்.

வாலு அம்மா: கொஞ்சம் முடிதான் மாமா.

வாலு: என் முடி. நான் குடுக்க மாட்டேன்.

பார்லர் அக்கா: சார், வணக்கம். ஜன்னலோர சீட்டு வேணுமா, நடுவுலயா?

வாலு: ...ஜன்னலோரம்.

பார்லர் அக்கா: அப்ப சீக்கிரம் வாங்க. ஒண்ணுதான் காலியா இருக்கு. விட்டா வேற யாராச்சும் துண்டு போட்டுருவாங்க.

வாலு: டிக்கெட் இருக்கா உன்கிட்ட?

பார்லர் அக்கா: இதோ சார்.

வாலு: இது பில்லு.

பார்லர் அக்கா: இன்னிக்கு இதத்தான் குடுத்தாங்க சார்.

வாலு: தேதி போட்டிருக்கு... சரி, செல்லும். அம்மா, இந்தக் கதவ எப்படித் திறக்கறது?

வாலு அம்மா: அந்தப் பிடிய இழுங்க. ஆங், அவ்வளவுதான். படி இருக்கு, பாத்து.

வாலு: இது என்ன வண்டியிலயே பொம்மை யானை எல்லாம்?

பார்லர் அக்கா: அது சரக்குப் பெட்டி சார். நீங்க இப்படி வாங்க, முதல் வகுப்பு. சாஞ்சுக்கங்க. கழுத்துல துண்டு கட்டறேன், குளிர்காத்து அடிக்கும்.

வாலு: எப்ப கிளம்பும்?

பார்லர் அக்கா: கிளம்பியாச்சு சார். சத்தம் கேக்கலையா, சிக்கு சிக்குன்னு?

வாலு அம்மா: அது கத்தரிக்கோல்...

பார்லர் அக்கா: நீ சும்மா இரு.

வாலு: அம்மா.

வாலு அம்மா: இங்கதான் இருக்கேன்.

வாலு: இந்தப் பொண்ணு காதையும் சேத்து வெட்டிருமா?

பார்லர் அக்கா: காதுக்குத் தனி டிக்கெட் சார். நீங்க எடுக்கலையே.

வாலு: எடுக்க மாட்டேன். அம்மா, கையப் பிடிச்சுக்க.

வாலு அம்மா: பிடிச்சிருக்கேன் பாருங்க.

வாலு: விடாத.

வாலு அம்மா: விடல.

வாலு: ஊரு வந்தா எழுப்பு.

பார்லர் அக்கா: எழுப்பறோம் சார்... தலையக் கொஞ்சம் இப்படி... அவ்வளவுதான்... என்ன மாதிரி முடி! நரைச்சாலும் அடர்த்தி குறையல. என் வீட்டுக்காரர் பாத்தா பொறாமைல சோறு திங்க மாட்டாரு... தூங்கிட்டாரா?

வாலு அம்மா: தூங்கிட்டாருக்கா. நம்பவே முடியல. முடி வெட்டும்போது தூங்கறாரு! எப்படிக்கா இப்படி? பாத்த மாத்திரத்துல ரயில் ஓட்டறீங்க?

பார்லர் அக்கா: நாலு பெத்தவ. இந்த வேலையில வேற இருக்கேன். எத்தன அழுகைய ஓட்டியிருப்பேன்.

வாலு அம்மா: இல்ல. உங்க பிள்ளைங்க ஒண்ணும் டிக்கெட் கேக்காதே. அப்புறம், டிக்கெட் பரிசோதகர்னு நான் சொல்லி அஞ்சு நிமிஷம்கூட ஆகல. அதுக்குள்ள பெட்டி, வகுப்பு, ஜன்னலோரம்... அக்கா, என்னப் பாருங்க.

பார்லர் அக்கா: கத்தரிக்கோல் கையில இருக்கு. எங்க பாக்கறது?

வாலு அம்மா: ஐயையோன்னு சொன்னப்பவே எனக்கு சந்தேகம். உங்களுக்குத் தெரியும். முன்னாடியே தெரியும். எத்தன பேருக்குத் தெரியும்? அந்தக் குழுவுல என் பொய்யத்தான் பேசிச் சிரிச்சீங்களா?

பார்லர் அக்கா: மெதுவாப் பேசு, முழிச்சுக்குவாரு. மழை கொட்டின அன்னிக்கு ஒருநாள் எழுதினே, ஞாபகம் இருக்கா? 'வாலு பல்லைக் கழட்டி என் டீக்குள்ள போட்டுட்டான், பாதி குடிச்சப்புறம்தான் பாத்தேன்'னு. எழுதினதும் அழிச்சுட்ட. அதுக்குள்ள பாதிப் பேர் படிச்சாச்சு. நாலு வயசுப் பல்லு ஆடும், விழும், கழட்டி மாட்ட வருமா? முதல்ல சிரிச்சோம், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம், யாரும் கேட்டுறாதீங்க, கேட்டா வெக்கப்பட்டு ஓடிருவா, அப்புறம் அவளுக்கு யாரு இருக்கான்னு இரட்டையர் அம்மாதான் முதல்ல சொன்னா. அன்னிக்கே அந்தக் குழுவ ஆரம்பிச்சுட்டோம். அவ நாத்தனார் வயசானவங்களப் பாத்துக்கற ஆஸ்பத்திரியில நர்ஸு, அவளையும் சேத்துக்கிட்டோம். மறதி வந்தவங்கள அவங்க பழைய வேலையச் சொல்லிக் கூப்பிட்டா வந்துருவாங்கன்னு அவதான் சொல்லிக் குடுத்தா. நீ இங்க ஒண்ணு எழுதினா, அங்க ஓடுவோம். இதுக்கு என்ன செய்யணும்னு அவளக் கேட்டு, பெரியவருக்குச் சொன்னத நாலு வயசுக்குச் சொல்ற மாதிரி திருத்தி, அடிச்சு, யாரு போடறதுன்னு சண்டை போட்டு, அப்புறம் உனக்கு அனுப்புவோம். உன்னப் பத்தி அங்க ஒரு வார்த்தை பேசினதில்லடி. பேசறதெல்லாம் உன் பிள்ளையப் பத்தித்தான்.